அகலத் திரை வாங்கியாச்சு, படம் சரியா வரலையே!

வளைந்த அல்ட்ராவைட் மானிட்டர் பற்றி மட்டும் இந்த முறை கேள்விகள் குவிந்திருக்கின்றன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: 34 அங்குல மானிட்டர். பெட்டியில் 3440×1440, 144 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ கேபிள் போட்டால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் காட்ட மாட்டேன் என்கிறது. எழுத்தும் மங்கல். மானிட்டரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா? (ஓசூர் வாசகர்)

அவசரப்படாதீர்கள். மானிட்டர் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் திரையில் சுமார் 49.5 லட்சம் புள்ளிகள். சாதாரண ஃபுல் எச்டி திரையில் 20.7 லட்சம்தான். இத்தனையையும் விநாடிக்கு 144 முறை அனுப்ப வேண்டும். லேப்டாப்பின் போர்ட், கேபிள், மானிட்டரின் போர்ட் இந்த மூன்றில் எது குறுகலோ, அதன் அளவுக்குத்தான் படம் வரும்.

எச்டிஎம்ஐ 1.4 போர்ட் என்றால் இந்தத் திரைக்குப் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ், சிலவற்றில் 30. எச்டிஎம்ஐ 2.0 என்றால் 100 வரை. படம் அனுப்பும் இன்னொரு வகை போர்ட்டான டிஸ்ப்ளேபோர்ட்டில், 1.2 பதிப்பு என்றால் 100 முதல் 120. முழு 144-க்கு டிஸ்ப்ளேபோர்ட் 1.4 அல்லது எச்டிஎம்ஐ 2.1 வேண்டும். உங்களுக்கு 50 காட்டுகிறது என்றால் பெரும்பாலும் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ பழையது. கேபிளை மட்டும் விலை உயர்ந்ததாக மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை.

லேப்டாப்பில் யூஎஸ்பி-சி போர்ட் இருக்கிறதா பாருங்கள். அதன் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ மின்னல் சின்னமோ இருந்தால் அதில் படம் வரும். அதிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் தனியாகவே கிடைக்கிறது. போனோடு வந்த சார்ஜிங் கேபிளை எடுத்துச் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று சொல்லாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் படத்துக்கான கம்பியே கிடையாது.

மானிட்டரிலும் யூஎஸ்பி-சி இருந்து, ஒரே கேபிளில் படம், சார்ஜ், கீபோர்டு எல்லாம் ஓடுகிறது என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. யூஎஸ்பி 3 வேகத்தை மானிட்டர் பிடித்துக்கொண்டால் படத்துக்குப் பாதி பாதைதான் மிஞ்சும். பல லேப்டாப்களில் அது 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மானிட்டர் மெனுவில் யூஎஸ்பி-யை 2.0 என்று மாற்றினால் மீதிப் பாதை படத்துக்குத் திரும்பும். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் அந்த வேகமே தாராளம். வெளி ஹார்ட் டிஸ்க்கை மட்டும் லேப்டாப்பில் நேராகச் செருகிக்கொள்ளுங்கள்.

மங்கலுக்கு வருவோம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே என்று போங்கள். அங்கே ‘டெஸ்க்டாப் மோட்’, ‘ஆக்டிவ் சிக்னல் மோட்’ என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டிலும் 3440×1440 இருக்க வேண்டும். சிக்னல் வரியில் 2560×1080 என்றிருந்தால், சின்னப் படத்தை மானிட்டர் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று அர்த்தம். ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுப்பதும் அதே பக்கத்தில்தான். புது மானிட்டரை மாட்டியதும் விண்டோஸ் பல நேரம் 60-இலேயே விட்டுவிடும், நாம்தான் மாற்ற வேண்டும். மானிட்டர் மெனுவிலும் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பு என்று ஒன்று 1.2-இல் வைக்கப்பட்டிருக்கலாம், அதை 1.4 ஆக்குங்கள்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா? இதைக் கேட்பதற்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்காமல் விட்டால் மற்ற எல்லாச் சோதனையும் வீண்.

கேள்வி: நாற்காலியிலிருந்து எழுந்தால் திரை இரண்டு விநாடி கறுத்துத் திரும்ப வருகிறது. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். பேய் வீடா? (நாகர்கோவில் வாசகர்)

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், இது உண்மையாகவே நடப்பதுதான். கேஸ் லிஃப்ட் வைத்த சுழல் நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் நிலைமின்சாரம் சேர்ந்து, அதன் உலோகப் பாகங்களுக்குள் சட்டென்று பொறியாக வெளியேறும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொறியிலிருந்து கிளம்பும் மின்காந்த அலையை, மேசைக்கு அடியில் தொங்கும் கேபிள் ஆன்டெனா போலப் பிடித்துக்கொள்கிறது. சிக்னல் ஒரு கணம் சிதைந்தால் போதும். மானிட்டரும் கிராஃபிக்ஸ் கார்டும் மறுபடி முதலிலிருந்து பேசி இணைப்பை ஏற்படுத்தும். நீங்கள் பார்க்கும் கறுப்புத் திரை அந்த இடைவெளிதான். ட்யூப் லைட் சுவிட்ச், ஃபிரிட்ஜ், மோட்டார் போடும்போதும் சில வீடுகளில் இதே கதை.

கேபிள் ஏற்கெனவே தன் எல்லையில் ஓடிக்கொண்டிருந்தால்தான் இவ்வளவு சுலபமாக விழும். அதனால் முதல் சோதனை: ஹெர்ட்ஸை 60-க்கு இறக்கிவிட்டு நாலைந்து முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். கறுப்பது நின்றுவிட்டால் கேபிள்தான் குற்றவாளி. 3 மீட்டர் கேபிள் போட்டிருந்தால் 1.5 மீட்டருக்கு மாற்றுங்கள். உறை தடிமனான, டிஸ்ப்ளேபோர்ட் 1.4-க்குச் சான்றிதழ் பெற்ற கேபிள் நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் கரண்ட் வயரோடு சேர்த்து டை போட்டுக் கட்டியிருந்தால் அவிழ்த்து, ஒரு சாண் தள்ளி வையுங்கள். கேபிளின் இரண்டு முனைகளிலும் கிளிப் போல மாட்டும் ஃபெரைட் வளையம் போட்டால் இன்னும் குறையும். அப்படியும் நிற்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயர் இருக்காது.

இதே மாதிரி வந்த இன்னொரு கேள்வி, காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் படமே வருவதில்லை, கேபிளைப் பிடுங்கிச் செருகினால் வருகிறது என்பது. மலிவான டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களில் 20-ஆம் பின்னை இரு முனைகளிலும் இணைத்துவிடுகிறார்கள். அது 3.3 வோல்ட் பின். இணைக்கவே கூடாது. இணைத்தால், கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் மானிட்டரிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் கசிந்துகொண்டிருக்கும், கார்டு ஒழுங்காக ரீசெட் ஆகாது. கேபிளைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டு, பிறகு செருகும்போது ஒவ்வொரு தடவையும் படம் வருகிறது என்றால் இந்தச் சந்தேகம் பலம். கேபிளை மாற்றுங்கள்.

கேள்வி: மானிட்டர் ஆர்ம் வாங்கி மாட்டினேன். 9 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது, என் மானிட்டர் 6.5 கிலோதான். ஆனாலும் தலை குனிந்துகொண்டே போகிறது. (கோவை வாசகர்)

எடை மட்டும் கணக்கில்லை. 1500ஆர் (அதாவது 1500 மி.மீ. ஆரம்) வளைவுள்ள 34 அங்குலத் திரையின் இரு ஓரங்களும் நடுவைவிடச் சுமார் 5 செ.மீ. முன்னால் நிற்கும். 1000ஆர் என்றால் சுமார் 8 செ.மீ. அதனால் எடையின் மையம் ஆர்மின் தட்டிலிருந்து முன்னுக்குத் தள்ளிப்போகிறது, அந்தச் சுமை முழுக்க சாய்க்கும் மூட்டில் விழுகிறது. தட்டையான 6.5 கிலோவைத் தாங்கும் மூட்டு வளைந்த 6.5 கிலோவுக்குத் தலை குனியும்.

தட்டுக்குப் பின்னால் சாய்வு மூட்டில் ஒரு ஆலன் ஸ்க்ரூ இருக்கும், அதை இறுக்குங்கள். தலை நிற்கிறது, ஆனால் மொத்தக் கையும் கீழே இறங்குகிறது என்றால் வேறு ஸ்க்ரூ: மேல் கையில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஸ்பிரிங் ஸ்க்ரூ. மானிட்டர் மாட்டிய நிலையில், ஒருவர் தாங்கிப் பிடிக்க, கூட்டல் பக்கம் திருப்புங்கள். எப்போதாவது மானிட்டரைக் கழற்ற நேர்ந்தால் கையை முழுக்க மேலே தூக்கி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். கீழே இருக்கும்போது கழற்றினால் எடை போன ஸ்பிரிங் முகவாயைப் பதம் பார்க்கும்.

ஸ்க்ரூ எம்4, துளைகள் பெரும்பாலும் 100×100 மி.மீ. பின்பக்கம் துளைகள் குழிக்குள் இருந்தால் ஸ்பேசர் போட்டு அதற்கேற்ற நீளத்தில் ஸ்க்ரூ எடுங்கள். இறுகாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும் நீள ஸ்க்ரூ கடைசியில் போர்டைத் தொடும். பார்ட்டிகிள் போர்டு மேசை என்றால் கிளாம்ப்புக்கு மேலும் கீழும் இரும்புத் தகடு வையுங்கள். கண்ணாடி மேசையில் கிளாம்ப் போடவே வேண்டாம்.

ஸ்டாண்டைக் கழற்றும்போது திரையை மேசையில் குப்புறப் போடாதீர்கள். ஓரங்கள் மட்டும் மேசையைத் தொட்டு நடு அந்தரத்தில் நிற்கும், பின்னால் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் பேனல் கீறல் விடும். பெட்டியில் வந்த தெர்மாகோல் அதே வளைவில் வெட்டப்பட்டிருக்கும். அதிலேயே குப்புற வைத்துக் கழற்றுங்கள். அதற்காகவே அந்தத் தெர்மாகோலைத் தூக்கிப் போடாமல் பரணில் வையுங்கள்.

கேள்வி: 1500ஆர் என்றால் ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார வேண்டுமா? (மதுரை வாசகர்)

வேண்டாம். அது வளைவின் ஆரம், மில்லிமீட்டரில். 34 அங்குலத்துக்கு 70 முதல் 80 செ.மீ. தூரம் சரியாக இருக்கும். அதற்கு மேசை குறைந்தது 70 செ.மீ. ஆழம் வேண்டும். கட்டட வரைபடம் போடுபவர்களுக்கு முதல் சில நாட்கள் நேர்க்கோடு வளைந்தது போலத் தெரியும், பழகிவிடும். பழகவில்லை என்றால் 1800ஆர் அல்லது தட்டைத் திரைதான் அவர்களுக்குச் சரி.

கேள்வி: ஆன்லைன் மீட்டிங்கில் என் திரையைப் பகிர்ந்தால் எதிரில் இருப்பவர்களுக்கு எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறதாம். (சென்னை வாசகர்)

எதிரில் இருப்பவர்களிடம் சாதாரண அகலத் திரைதான் இருக்கும், உங்கள் முழு அகலமும் அதற்குள் சுருங்குகிறது. முழுத் திரையைப் பகிராமல் ஒரு விண்டோவை மட்டும் பகிருங்கள். ஜூமில் திரையின் ஒரு பகுதியை மட்டும் பகிரும் வசதியும் உண்டு. இன்னொரு வழி, ஒரே திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் மானிட்டரின் பிபிபி வசதி. இரண்டு கேபிள்களை ஒரே கம்ப்யூட்டரிலிருந்து செருகினால் 34 அங்குலத் திரை 1720×1440 அளவில் இரு தனி மானிட்டராகிவிடும். ஆனால் பிபிபி-யில் பல மானிட்டர்கள் ஹெர்ட்ஸைக் குறைத்துவிடும், தினசரி வேலைக்கு எங்கள் ஓட்டு விண்டோ பகிர்வுக்கே.

விண்டோக்களை அடுக்க, விண்டோஸ் 11-இல் விண்டோஸ் பொத்தானோடு இசட்டை அழுத்துங்கள், மூன்று பத்தி அமைப்பு வரும். உங்கள் இஷ்டப்படி அளவு வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட்டின் இலவச பவர்டாய்ஸில் ஃபேன்ஸிஸோன்ஸ் இருக்கிறது. ஷிஃப்ட்டை அழுத்தியபடி விண்டோவை இழுத்தால் நீங்கள் வரைந்த கட்டத்தில் போய் உட்காரும்.

கேள்வி: கேம் லோட் ஆகும்போது மட்டும் திரை மினுக்குகிறது. (திருச்சி வாசகர்)

விஏ என்ற வகைப் பேனலாக இருக்கும். அடாப்டிவ் சிங்க் (கேமின் ஃபிரேம் வேகத்துக்கு ஏற்ப திரையின் ஹெர்ட்ஸை மாற்றும் வசதி) போட்டிருக்கும்போது ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கினால் வெளிச்சமும் கூடவே ஆடும், லோடிங் திரையில்தான் அது அதிகம். ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஒரு நிலையான வரம்பு வைத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் அந்த ஒரு கேமுக்கு மட்டும் அடாப்டிவ் சிங்க்கை அணையுங்கள்.

கேள்வி: யூடியூப் வீடியோவில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. எந்த செட்டிங்? (தஞ்சை வாசகர்)

எதுவும் இல்லை. வீடியோ 16:9, திரை 21:9. பக்கத்துக்கு 440 புள்ளிகள் காலியாகத்தான் இருக்கும். படத்தைப் பெரிதாக்கி நிரப்பும் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்) பிரௌசருக்குக் கிடைக்கின்றன, ஆனால் அவை மேலும் கீழும் வெட்டித்தான் நிரப்பும். அகலமாக எடுத்த சினிமாவுக்கு அது பொருந்தும், செய்தி வீடியோவில் கீழே ஓடும் எழுத்து போய்விடும்.