ஓய்வுபெற்ற டிரம்மர்

அன்புள்ள ஐயா,

2015 ஜூனில் டொரொன்டோவில் ரஷ் என்ற கனடிய ராக் இசைக்குழு வாசித்தபோது எனக்கு இரவு ஷிப்ட். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று டிக்கெட்டை நண்பனிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த முறை வரவேயில்லை. 2020இல் அதன் டிரம்மர் நீல் பியர்ட் இறந்துபோனார். கடைசி என்று வெளிப்படையாகச் சொல்லாமல் ரசிகர்களை ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். இப்போது மீதி இருவரான கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும் வேறு டிரம்மரோடு 2026இல் வருகிறார்கள். போவது துரோகமா?

எஸ்., ஸ்கார்பரோ

அன்புள்ள எஸ்.,

உங்களை யாரும் ஏமாற்றவில்லை. இவ்வளவு பெரிய சுற்றுப்பயணம் அநேகமாக இதுவே கடைசி என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள். படித்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டீர்கள், சரி. ராக் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் 1992இல் விடைபெற்றுவிட்டு 1995இல் திரும்பி வந்தார். மோட்லி க்ரூ இசைக்குழு இனி ஊர் சுற்ற மாட்டோம் என்று 2014இல் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போட்டது. 2022இல் ஸ்டேடியங்களில் வாசித்துக்கொண்டிருந்தது. பிரியாவிடை என்று போட்டால் டிக்கெட் விற்கும், அவ்வளவுதான். அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

அந்த ஜூனில் நான் டொரொன்டோ ஏர் கனடா சென்டர் அரங்கில் இருந்தேன். பாட்டு வரிசை புதியதிலிருந்து பழையதை நோக்கிப் போனது. பாட்டுக்குப் பாட்டு ஓவரால் போட்ட ஆட்கள் மேடைக்கு வந்து சாமான்களைக் கழற்றி எடுத்துப் போனார்கள். முதலில் ஏதோ கோளாறு, சரிசெய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இடைவேளை முடிந்து திரைக்குப் பின்னாலிருந்து பியர்ட் வெளிப்பட்டபோது டிரம் செட்டே மாறியிருந்தது. எழுபதுகளில் வாசித்தது போன்ற இரட்டை பாஸ் டிரம். கடைசியில் பள்ளிக்கூட ஜிம் ஒன்றில் நாற்காலிமேல் சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்து மூன்று பையன்கள் வாசிப்பதுபோல மேடை சுருங்கிவிட்டது. நாற்பது வருடத்தைக் கண்ணெதிரே மூட்டை கட்டினார்கள். இதற்கு மேல் எப்படி ஐயா சொல்வது?

அப்போது பியர்டுக்கு 62 வயது. ஏறக்குறைய மூன்று மணி நேரக் கச்சேரி. தசைநார் வலி பல காலமாக இருந்தது. அந்தப் பயணத்தில் பாதத்தில் தொற்று வேறு. மேடைவரை நடப்பதே நரகமாம். ஆனால் அந்தக் கால்தானே பெடலை மிதிக்க வேண்டும்? பாடகருக்குத் தொண்டை கட்டினால் நாமும் சேர்ந்து பாடிச் சமாளித்துவிடுவோம். டிரம்மருக்கு அந்த வசதி கிடையாது. அது உடலுழைப்பு. உங்கள் வேலை என்னவென்று எழுதவில்லை, ஆனால் இரவு ஷிப்ட் பார்த்தவர் நீங்கள். முழங்காலும் முதுகும் என்ன சொல்லும் என்று தெரியாதவர் இல்லை. உங்கள் சூப்பர்வைசர் 'இன்னும் ஒரு வருடம் இரேன்' என்றால் எரிச்சல் வரும். அதையே பியர்டிடம் நீங்கள் கேட்கிறீர்கள், அன்பு என்ற பெயரில். ரசிகனைப் போல ஈவிரக்கமில்லாத முதலாளி கிடையாது.

அந்த மனிதர் 1997இல் மகளையும் 1998இல் மனைவியையும் பறிகொடுத்தவர். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தார். அப்புறம் மறுமணம், இன்னொரு பெண் குழந்தை. அந்தச் சிறுமி பள்ளித் தோழிகளிடம் 'எங்கள் அப்பா ஓய்வுபெற்ற டிரம்மர்' என்று அறிமுகம் செய்துவைத்தாளாம். அதைச் சொல்வதில் அவருக்கு அத்தனை பூரிப்பு. 2016இல் மூளைப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. தெம்போடு வீட்டில் இருக்க அவருக்குக் கிடைத்த காலம் அவ்வளவே. அதில் உங்களுக்கும் எனக்கும் பங்கு கேட்பது நியாயமா? கெடி லீக்கே மனத்தாங்கல் இருந்தது, ஐரோப்பாவில் வாசிக்க முடியவில்லையே என்று. அவர் கேட்கலாம், கூட வாசித்தவர்.

2015 ஆகஸ்ட் 1, லாஸ் ஏஞ்சலஸ். கடைசிப் பாட்டு முடிந்ததும் பியர்ட் முதன்முறையாக டிரம்மை விட்டு மேடை முன்னால் வந்து மற்ற இருவரையும் கட்டிக்கொண்டார். எப்போதும் எழுந்து ஒரு கையசைப்போடு போய்விடுகிற ஆள். வீடியோ கிடைக்கும், பாருங்கள்.

துரோகம், கிரோகம் எல்லாம் பெரிய வார்த்தைகள், விடுங்கள். புது டிரம்மர் அனிகா நில்லஸ் ஜெர்மன்காரர், நல்ல வாசிப்பு. தாராளமாகப் போங்கள். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு எனக்குத் திட்டி எழுத வேண்டாம். எப்படி வாசித்தார் என்று எழுதுங்கள். பியர்டைவிட நன்றாகவா என்பதை மட்டும் எழுதாதீர்கள்.