இரக்கம் மட்டும் போதுமா?

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். எங்கள் பகுதியில் படிப்பை நிறுத்திய பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. சமூகப் பணியாளர் ஆகலாமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: தாராளமாக. எம்.எஸ்.டபிள்யூ. என்பது சமூகப் பணிக்கான இரண்டு வருட முதுகலைப் படிப்பு. எழும்பூரில் இதற்கென்றே கல்லூரி இருக்கிறது. ஆனால் ‘பாவம்’ என்ற எண்ணத்தை மட்டும் நம்பி வருகிறவர்கள் சீக்கிரம் சலித்துப்போவார்கள். நாலு முறை சொல்லியும் பையன் பள்ளிக்கு வராவிட்டால் இரக்கம் எரிச்சலாகிவிடும். ஏன் வரவில்லை என்று துருவுகிற குணம்தான் நிலைக்கும்.

காசிமேட்டில் விடிகாலையில் மீன் பிரிக்கப் போகிறவனைப் பகலில் தேடினால் தூங்கிக்கொண்டிருப்பான். அம்மா வேலை முடிந்து வந்தபின், ராத்திரி ஏழு மணிக்கு மேல் போங்கள். ‘ஏன் படிக்கலை?’ என்று ஆரம்பிக்காதீர்கள். கடன் எவ்வளவு, தங்கச்சியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள்.

மாற்றுச் சான்றிதழ் இல்லையென்று பள்ளி தயங்கினால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தைச் சொல்லுங்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளையை அதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். சேர்த்த கையோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முதல் மாதம் வாரம் இரண்டு தடவையாவது வருகைப் பதிவைப் பாருங்கள்.

அடிபடுகிற பிள்ளை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையின் பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கும் அரசு அமைப்பான குழந்தைகள் நலக் குழு முன் 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். படமெடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவதும் கூடவே கூடாது.

ஆரம்பச் சம்பளம் குறைவு. அதை வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள்.