டர்பன்ல கமர்ஷியல் ப்ராப்பர்ட்டி லீசிங், இன்வெஸ்ட்மென்ட் சேல்ஸ் கத்துக்க கோர்ஸ் போகலாமா, நேரா வேலைல சேர்ந்துடலாமா?

கேள்வி கேட்ட தம்பி ரெண்டு வருஷமா தென்னாப்பிரிக்கா டர்பன்ல வீடு விக்கிற ஏஜென்டா இருக்காராம். இப்ப கமர்ஷியல் பக்கம் வரணும், அமெரிக்க ஆன்லைன் கோர்ஸ் ஒண்ணுக்கு பணம் கட்டலாமா, லீசிங்ல (கடை, கோடவுனை வாடகைக்கு விடறது) ஆரம்பிக்கிறதா, இன்வெஸ்ட்மென்ட் சேல்ஸ்ல (வாடகை வருமானத்தோட பில்டிங்கை விக்கிறது) ஆரம்பிக்கிறதான்னு கேட்டிருக்கார்.

நான் திருநெல்வேலி பக்கம். 2011ல இங்க வந்து சொந்தக்காரர் ஹார்ட்வேர் கடையில கணக்கு பாத்துட்டு இருந்தேன், கடைக்கு புது இடம் தேடி அலைஞ்சப்ப ஒரு ப்ரோக்கர் பழக்கமாகி அப்படியே இந்த தொழிலுக்கு வந்தவன். நேரா சொல்லிடறேன் தம்பி, முதல்ல லீசிங் பண்ணுங்க, குறைஞ்சது ரெண்டு வருஷம். எல்லாரும் சேல்ஸ் கமிஷன் பெருசுன்னு அங்க ஓடறாங்க, ஆனா ஒரு கோடவுனையோ கடை காம்ப்ளெக்ஸையோ வாங்க வர்றவர் சுவத்தை தட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி கேக்கறது, டெனன்ட் யாரு, லீஸ் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி, வருஷா வருஷம் எத்தனை பர்சென்ட் ஏறுது, ரேட்ஸும் (முனிசிபல் சொத்து வரி) இன்ஷூரன்ஸும் யாரு கட்டறாங்க, இதைத்தான். இதுக்கு பதில் எல்லாம் லீஸ் பேப்பருக்குள்ள கிடக்கு. அதை படிக்கத் தெரியாம விலை சொல்றது ஸ்கேன் பாக்காம ஆபரேஷன் பண்ற மாதிரி.

லைசென்ஸ் விஷயம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், புதுசா வர்றவங்களுக்காக சுருக்கமா சொல்றேன். 2022 பிப்ரவரி 1ல இருந்து ப்ராப்பர்ட்டி ப்ராக்டிஷனர்ஸ் சட்டம் அமல்ல இருக்கு, வீட்டுக்கும் கமர்ஷியலுக்கும் அதே சட்டம்தான். ஃபிடெலிட்டி ஃபண்ட் சர்டிஃபிகேட் (இந்த தொழில் பண்றதுக்கான லைசென்ஸ்) இல்லாம வேலை பாத்தா கமிஷன் வாங்க உரிமை கிடையாது. உங்ககிட்ட இருந்தா மட்டும் போதாது, நீங்க சேரப்போற கம்பெனிக்கும் இருக்கணும், சேர்றதுக்கு முன்னாடி கேட்டு பாத்துக்கோங்க. ஆனா அந்த லைசென்ஸ் படிப்புல கமர்ஷியல் லீஸ் ஒண்ணை முழுசா பிரிச்சு மேயறதுக்கு உங்களுக்கு பழக்கம் வராது, அதை தனியாத்தான் கத்துக்கணும்.

நான் கத்துக்கிட்ட விதத்தை சொல்றேன், அது வலிச்ச கதை. என்னோட முதல் இன்வெஸ்ட்மென்ட் டீல் பைன்டவுன் பக்கம் ஒரு கோடவுன், ஓனர் குடுத்த ஷீட்ல மாச வருமானம்னு ஒரு தொகை இருந்துச்சு, நான் அதை பன்னெண்டால பெருக்கி அதுல இருந்து விலை போட்டு ஒரு பக்க ப்ரோஷர் பண்ணி வாங்கறவர்கிட்ட குடுத்துட்டேன். அந்த தொகைக்குள்ள டெனன்ட்கிட்ட வசூல் பண்ற முனிசிபல் ரேட்ஸ், தண்ணி, கரண்ட் எல்லாம் சேர்ந்திருந்துச்சு, அது ஓனர் கைக்கு வந்து அப்படியே முனிசிபாலிட்டிக்கு போற காசு, வருமானமே இல்ல. வாங்கறவரோட அக்கவுன்டன்ட் பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டார். டீல் போனதை விட, அந்த மனுஷன் அதுக்கப்புறம் என் ஃபோனை எடுக்கவே இல்லங்கறதுதான் ரொம்ப நாள் உறுத்துச்சு. கம்பெனில எனக்கு யாரும் கிராஸ் ரென்ட் (செலவெல்லாம் சேர்ந்த வாடகை) எது, நெட் ரென்ட் (செலவு போக மிச்சம்) எது, ரெகவரி (டெனன்ட்கிட்ட திரும்ப வசூல் பண்ற செலவு) எதுன்னு உக்கார வச்சு சொல்லிக்குடுக்கல. அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

இப்ப கணக்குக்கு வருவோம், உதாரணத்துக்கு ரவுண்டா எடுத்துக்கறேன். 1,000 சதுர மீட்டர் கோடவுன், செலவெல்லாம் போக நெட் வாடகை சதுர மீட்டருக்கு மாசம் 80 ராண்ட். வருஷத்துக்கு 9,60,000 ராண்ட். கேப் ரேட், அதாவது வருஷ நெட் வாடகை விலையில எத்தனை பர்சென்ட்ங்கறது, 10%ன்னு வச்சா விலை 96 லட்சம் ராண்ட். இதுவரைக்கும் எந்த கோர்ஸும் முதல் வாரத்துல சொல்லிக்குடுக்கும். ஆனா அந்த லீஸ் இன்னும் ஒன்பது மாசத்துல முடியுது, அதே ரோட்டுல புதுசா போற கோடவுன் எல்லாம் 65 ராண்டுக்குத்தான் போகுதுன்னா? அப்ப நெட் 7,80,000, அதே 10%ல விலை 78 லட்சம். 18 லட்சம் ராண்ட் வித்தியாசம், பில்டிங்ல ஒரு ஆணி கூட மாறல. அந்த 65ங்கற நம்பர் எந்த புத்தகத்துலயும் இருக்காது, போன மாசம் பக்கத்து கோடவுனை லீசுக்கு விட்ட ப்ரோக்கருக்குத்தான் தெரியும். லீசிங் பண்ணவன் சேல்ஸ்ல ஜெயிக்கிறது இதனாலதான்.

வாடகை எப்படி மார்க்கெட்டை தாண்டி போகுதுன்னா, எஸ்கலேஷன், அதாவது வருஷா வருஷம் வாடகை ஏறற ஷரத்து. சாட்ஸ்வொர்த்ல மசாலா கடை வச்சிருக்கிற ஒரு அங்கிள், இங்கயே பொறந்து வளர்ந்தவர், தமிழ் கோயில் பாட்டுல மட்டும்தான் வரும், மத்தபடி எங்க பேச்செல்லாம் இங்கிலீஷ்தான். 80 சதுர மீட்டர் கடை, சதுர மீட்டருக்கு மாசம் 150 ராண்ட், அஞ்சு வருஷ லீஸ், வருஷம் 8% ஏத்தம்னு கையெழுத்து போட்டுட்டார். 12,000 ராண்டுல ஆரம்பிச்சது அஞ்சாவது வருஷம் மாசம் 16,326 ஆச்சு, அவர் மஞ்சப்பொடி விலையை அந்த அளவுக்கு ஏத்த முடியுமா? கம்பெனி பேர்ல லீஸ் இருந்தாலும் பெர்சனல் ஷூரிட்டி போட்டிருந்தார், அதாவது கடை மூடினாலும் வீட்டு மேல கை வைக்கலாம். அதே லீஸை நாளைக்கு ஒரு இன்வெஸ்டர் பாத்தா 'ஆஹா, நல்ல வாடகை'ன்னு வாங்குவார், அங்கிள் காலி பண்ணினதும் அடுத்த டெனன்ட் அந்த வாடகைக்கு வரமாட்டான். ஒரே ஷரத்து கடைக்காரரையும் கவுக்குது, வாங்கறவரையும் கவுக்குது. இதுல நடுவுல நிக்கிற ப்ரோக்கருக்கு படிப்பு இல்லைன்னா ரெண்டு குடும்பத்துக்கு நஷ்டம், அதனால ட்ரெய்னிங்கை நான் சும்மா சர்டிஃபிகேட் விஷயமா பாக்கறதில்ல.

நீங்க கேட்ட அமெரிக்க கோர்ஸ். சிகாகோவுல தலைமையிடம் இருக்கிற சி.சி.ஐ.எம் நல்ல படிப்பு, சந்தேகமே வேண்டாம். அதுல சி.ஐ 101 நிதி அலசல், 102 மார்க்கெட் அலசல், 103 இடத்தை பயன்படுத்தறவர் பக்கம் நின்னு வாடகைக்கு எடுக்கறதா வாங்கறதான்னு பாக்கறது, 104 முதலீட்டு அலசல். கேஷ் ஃப்ளோ டிஸ்கவுன்ட் பண்றது (பின்னாடி வரப்போற காசோட இன்னைக்கு மதிப்பு பாக்கறது), ஐ.ஆர்.ஆர் (முதலீட்டுக்கு வருஷத்துக்கு எத்தனை பர்சென்ட் வருமானம்) எல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனா அங்க வாடகையை பெரும்பாலும் சதுர அடிக்கு வருஷ கணக்குல டாலர்ல சொல்லுவாங்க, இங்க சதுர மீட்டருக்கு மாச கணக்குல ராண்ட். ஒரு சதுர மீட்டர்ங்கறது 10.76 சதுர அடி, ஆரம்பத்துல தலை சுத்தும். அப்புறம் 1031 எக்ஸ்சேஞ்ச் (ஒரு சொத்தை வித்து இன்னொண்ணு வாங்கி வரியை தள்ளிப்போடறது) மாதிரி அவங்க வரி சமாச்சாரம் இங்க எதுக்கும் ஆகாது.

இங்க ஆகறது வேற. வாட் பதிவு பண்ண ரெண்டு பேருக்கு நடுவுல, ஓடிட்டு இருக்கிற வாடகை வருமானத்தோட பில்டிங்கை 'கோயிங் கன்சர்ன்'னு எழுத்துல ஒத்துக்கிட்டு வித்தா வாட் ஜீரோ. அந்த வாசகம் விட்டுப்போச்சுன்னா ஒரு கோடி ராண்ட் பில்டிங்குக்கு 15%, பதினஞ்சு லட்சம் ராண்ட் திடீர்னு எங்க இருந்து வரும்? ரோமன் டச்சு சட்டத்துல இருந்து வந்த 'ஹூர் காட் ஃபோர் கூப்' இன்னொண்ணு, வித்தாலும் லீஸ் அப்படியே தொடரும், வாங்கறவர் புது ஓனரா அந்த லீஸுக்கு கட்டுப்பட்டாகணும். தனி ஆள் பேர்ல லீஸ் எடுத்த சின்ன கடைக்காரருக்கு கன்ஸ்யூமர் ப்ரொடெக்ஷன் சட்டம் 14வது பிரிவுல 20 வேலை நாள் நோட்டீஸ் குடுத்து வெளிய வர வழி இருக்கு, நியாயமான ஒரு தொகையை ஓனர் கேக்கலாம், ரெண்டு பக்கமும் கம்பெனின்னா அந்த வழி இல்ல. 2021 ஜூலை கலவரத்துல இங்க கோடவுன் கோடவுனா எரிஞ்சப்பதான் நிறைய பேர் முதல் தடவையா இடம் அழிஞ்சா வாடகை நிக்குமா, சாஸ்ரியா (கலவர சேதத்துக்கான அரசு இன்ஷூரன்ஸ்) ப்ரீமியம் யாரு கட்டறதுங்கற பக்கத்தை புரட்டினாங்க. அந்த வாரம் எனக்கு வந்த ஃபோன்கள் இன்னும் மறக்கல.

வட்டியையும் விட்டுடாதீங்க. 2021 நவம்பர்ல ப்ரைம் ரேட் (பேங்க் கடன் வட்டிக்கு அடிப்படை ரேட்) 7.25%, 2023 மே மாசம் 11.75%. 10% வருமானம் தர்ற பில்டிங்கை 11.75%ல கடன் வாங்கி வாங்கினா கடன் வாங்கின ஒவ்வொரு ராண்டும் கையை கடிக்கும். க்ளையன்ட் ஆசைப்பட்டாலும் இதை நீங்கதான் எடுத்து சொல்லணும்.

இன்னொண்ணு எந்த கோர்ஸ்லயும் இருக்காது. இங்க பழைய இந்திய குடும்பங்கள்கிட்ட பில்டிங் விக்க பேசறப்ப அவசரப்படாதீங்க. 1950ல வந்த, இனம் பாத்து யாரு எங்க இருக்கணும்னு பிரிச்ச க்ரூப் ஏரியாஸ் சட்டத்தால கேட்டோ மேனர் மாதிரி இடத்துல நிலத்தை இழந்த தாத்தா பாட்டியோட பேரப்பிள்ளைங்க அவங்க. சிட்டில ஒரு கடை கட்டடம் குடும்ப ட்ரஸ்ட்ல இருக்குன்னா அதுக்கு பின்னாடி கண்ணீர் இருக்கு. யீல்டு (விலைக்கு வர்ற வருமானம்) குறைவுன்னு நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம், ஆனா முதல் சந்திப்புல சொல்லாதீங்க, டீ குடிச்சுட்டு கதையை கேளுங்க. நான் ஒரு குடும்பத்துகிட்ட மூணு வருஷம் போய் வந்திருக்கேன், அவங்க விக்கல, ஆனா காலியா கிடந்த மேல் மாடியை லீசுக்கு விட என்கிட்டதான் குடுத்தாங்க.

அதனால இப்ப பெரிய பணம் எதுவும் கட்டாதீங்க. லீசிங் டீம் இருக்கிற, சீனியர் பக்கத்துல உக்கார விடற கம்பெனியா பாத்து சேருங்க, சம்பளம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல. ஸ்ப்ரிங்ஃபீல்ட் பார்க் இல்லைன்னா ரிவர்ஹார்ஸ் வேலி, ஏதாவது ஒரே ஏரியாவை எடுத்து ரோடு ரோடா நடந்து எந்த பில்டிங்ல யாரு, எத்தனை மீட்டர், லீஸ் எப்ப முடியுது, என்ன வாடகைன்னு ஒரு எக்செல்ல ஏத்துங்க. வாரத்துக்கு ஒரு முழு லீஸ், முதல் பக்கத்துல இருந்து கடைசி அனெக்ஷர் வரைக்கும் படிங்க, புரியாத ஷரத்தை கோடு போட்டு சீனியர்கிட்ட கேளுங்க. ஒரு வருஷம் கழிச்சு சி.ஐ 101 போங்க, அப்ப அந்த பாடத்துல வர்ற ஒவ்வொரு நம்பருக்கும் உங்க மனசுல ஒரு பில்டிங் இருக்கும்.

அந்த மசாலா கடை அங்கிள் போன ரினியூவலுக்கு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி லீஸை தூக்கிட்டு என் ஆபீசுக்கு வந்தார். மூணு வருஷம், 6%, ஷூரிட்டி ஆறு மாச வாடகைக்கு மட்டும்னு பேசி முடிச்சோம்.