டீன் ஏஜ் கர்ப்பம் பற்றிய குறும்படம்: கதையை எங்கே தொடங்குவது?

கேள்வி: நாங்கள் மும்பை தாராவியில் வசிக்கும் தமிழ்க் கல்லூரி மாணவர்கள். நாட்டு நலப்பணித் திட்டத்துக்காக 12 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கிறோம். பள்ளி வயதில் கர்ப்பமாகும் பெண்ணைப் பற்றிய கதை. எங்கள் சந்திலேயே நடந்த ஒரு சம்பவத்தை அப்படியே எடுக்க நினைக்கிறோம். பத்தாவது படிக்கும் ஒரு பெண் நடிக்கத் தயாராக இருக்கிறாள். கடைசியில் அவள் தற்கொலை செய்துகொள்வதா, கல்யாணம் நடப்பதா என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. படத்தைப் பார்த்துப் பெண்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். எப்படி எடுத்தால் சரியாக இருக்கும்?

பதில்: முடிவு பற்றிய சண்டையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதைவிட அவசரம், சந்தில் நடந்ததை ‘அப்படியே’ எடுக்கும் யோசனையை இன்றே கைவிடுவது.

18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட சிறுமியை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. பெயர், படம், முகவரி, குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் வட்டாரம் எல்லாமே அந்தத் தடைக்குள் வரும். மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பெயரை மாற்றிவிட்டோம் என்று சொல்லாதீர்கள். தாராவியில் பெயர் மாற்றம் என்ன மறைப்பு? உங்கள் சந்தின் இரும்பு ஏணிப்படியும் தண்ணீர்க் குழாயும் திரையில் வந்தால் போதும், சாயங்காலத்துக்குள் 90 அடி ரோடு முழுக்க யார் வீட்டுக் கதை என்று தெரிந்துவிடும்.

அதே சட்டத்தில் பலருக்கும் தெரியாத இன்னொரு பிரிவு உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது உங்களுக்குத் தெரியவந்தால், போலீசுக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. இது 19-ஆம் பிரிவு. தெரிவிக்காமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ‘ஆராய்ச்சி’ என்று கேமராவோடு போய் ஒரு சிறுமியிடம் கதை கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்து எடிட்டிங்கில் உட்கார முடியாது. அதனால் யாரிடமும் சொந்தக் கதை கேட்காதீர்கள். ஒரு கற்பனைப் பெண்ணுக்குப் பெயர் வைத்து, “இவளுக்கு நாள் தள்ளிப்போச்சு. முதலில் யாரிடம் சொல்வாள்? ஏன் சொல்ல மாட்டாள்?” என்று பெண்கள் குழுவில் கேளுங்கள். சொந்த அனுபவம் அந்தப் பதில்களுக்குள் தானாக வந்து சேரும், யாரையும் மாட்டிவிடாமல்.

நடிக்க வருகிறவர் 18 வயதைத் தாண்டியவராக இருக்கட்டும். மெலிந்த உடல்வாகும் இரட்டைச் சடையும் சீருடையும் போதும், பதினாறு வயதுக்காரியாகத் தெரிவார். பத்தாவது படிக்கும் பெண் இன்று ஆசையோடு ஒப்புக்கொள்வாள். ஆனால் அந்த வீடியோவின் ஒரு துண்டு மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றும்போது, அவளுக்கு வரன் பார்க்கும் வயது வரை ‘அந்தப் பொண்ணு’ என்ற பேச்சு நிற்காது. நெருக்கமான காட்சி எதுவும் வேண்டாம். நடிப்பவர் பெரியவரே ஆனாலும், திரையில் சிறுமியாகத் தெரிபவரை வைத்து அப்பட்டமான காட்சி எடுப்பதைச் சட்டம் வேறு கண்ணோடு பார்க்கும். தம்பி தங்கையாகச் சின்னப் பிள்ளைகள் வந்தால், 14 வயதுக்குக் கீழ் என்றால் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

இனி கதைக்கு வருவோம்.

இந்த விஷயத்தில் வரும் குறும்படங்கள் பலவற்றின் அச்சு ஒன்றுதான். ஒரு பையன், ஒரு மொட்டை மாடி, ஒரு பாட்டு. அப்புறம் குழாயடியில் வாந்தி, அம்மாவின் அறை, கறுப்புத் திரை. (தமிழ்ப் படத்தில் கதாநாயகி வாந்தி எடுத்தால் கர்ப்பத்தைத் தவிர வேறு நோயே கிடையாது.) பன்னிரண்டு நிமிடத்தில் ஏழு நிமிடம் காதலுக்கே போய்விடும். பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள் “பொண்ண ஒழுங்கா வளர்க்கல” என்று சொல்லிக்கொண்டு போவார்கள். பெண்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்ற உங்கள் நோக்கமும் அங்கேதான் கொண்டுபோய் விடும். அந்த நிலைமையில் இருக்கும் பெண் ஒருத்தி கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் அவளுக்குக் கிடைக்கும் பாடம்.

நான் சொல்வது, காதலை வெட்டிவிட்டு, நாள் தள்ளிப்போனது அவளுக்கு உறைத்த இடத்தில் படத்தைத் தொடங்குங்கள். அவளுக்கு மட்டும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அந்த நாட்கள்தான் படம்.

அந்த நாட்களுக்குள் ஒரு கெடு ஓடுகிறது. 1971-இன் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. இப்போது 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். சிறுமிகள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் போன்ற சில பிரிவினருக்கு 24 வாரம் வரை, இரண்டு மருத்துவர்களின் ஒப்புதலோடு. 18-க்குக் கீழ் என்றால் காப்பாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். கர்ப்பிணி சம்மதிக்காமல் கலைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. 24 வாரம் தாண்டினால் கருவின் குறைபாடு, உயிர் ஆபத்து, கோர்ட்டு என்று வழி மிகவும் குறுகிவிடும். வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் மாதவிலக்கு முன்னே பின்னே வருவது சகஜம் என்பதால் முதல் இரண்டு மாதம் சந்தேகமே வராமல் போகலாம். அப்புறம் பயம், காசு, கூட யார் வருவார்கள் என்ற கேள்வி. வில்லனே தேவையில்லை, காலண்டரே போதும்.

உங்கள் ஊர் இதற்கு எவ்வளவோ கொடுக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு வீட்டில் ஆறு பேர், தனியாக அழ ஓர் இடமில்லை. பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டு பரிசோதனைக் கிட்டைத் துப்பட்டாவுக்குள் மறைத்துப் பிடித்திருப்பவளை யோசித்துப் பாருங்கள். பக்கத்து மெடிக்கல் கடைக்காரர் திருநெல்வேலிக்காரர், அப்பாவுக்கு வேண்டியவர். அதனால் அவள் சயானில் ரயில் ஏறி குர்லாவில் இறங்கி, முகம் தெரியாத கடை ஒன்றில் அந்த ஐம்பது, அறுபது ரூபாய்ப் பொருளை வாங்குகிறாள். ரேஷன் கடையானாலும் பள்ளிக்கூடமானாலும், ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த அம்மாவுக்கு இந்தியில் பேசிக் கொடுப்பது எப்போதும் மகள்தான். அரசு மருத்துவமனையிலும் டாக்டரம்மா இந்தியில் கேட்க, மகள்தான் தமிழில் சொல்ல வேண்டும். ரிசல்ட் வந்ததும் அம்மா, “என்னடி சொல்றாங்க?” என்கிறாள். அந்த ஒரு ஷாட்டுக்குப் பின்னணி இசை வேண்டாம், தயவுசெய்து.

வேறு பக்கத்திலிருந்தும் எடுக்கலாம், எனக்கு இதுதான் இன்னும் பிடித்திருக்கிறது. நம் நாட்டில் இளம் வயதில் தாயாகும் பெண்களில் பெரும்பாலோர் கல்யாணமானவர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 6.8 சதவீதம் பேர் தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். முந்தைய கணக்கெடுப்பில் 7.9. அதே கணக்கெடுப்பில் 20-24 வயதுப் பெண்களில் 23.3 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். ஒரே சந்தில் இரண்டு பதினேழு வயதுப் பெண்களை வையுங்கள். ஒருத்தியை லீவில் ஊருக்குக் கூட்டிப்போய்க் கட்டிக்கொடுத்துத் திரும்ப அழைத்து வந்திருக்கிறார்கள். அவளுக்கு வளைகாப்பு, ஏழு வகைச் சோறு. அடுத்த வீட்டுக்காரிக்குக் கதவைச் சாத்தி அடி. வயதும் ஒன்று, உடம்பும் ஒன்று. இந்த வயதில் வலிப்பில் கொண்டுபோய் விடும் ரத்த அழுத்தம், பிரசவத்துக்குப் பின் தொற்று, எடை குறைந்த குழந்தை என்று ஆபத்து கூடுதல் என்பதை உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தாலி கட்டியிருப்பது கர்ப்பப்பைக்குத் தெரியாது. சட்டத்துக்கும் அப்படித்தான்: 18 வயது நிரம்பாத மனைவியோடு உறவும் வன்புணர்வே என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் சொல்லிவிட்டது. வளைகாப்புக்கு வந்து வளையல் போட்டுவிடும் பெண்கள்தான் உங்கள் திரையிடலுக்கும் வருவார்கள்.

எந்தக் கதையானாலும், மாறுகிற ஆள் ஒருவர் வேண்டும். மெக்சிகோவில் 1970-களில் மிகேல் சபிதோ என்பவர் டிவி தொடர்களில் செய்து காட்டியது இது. நல்லவர் ஒருவர், கெட்டவர் ஒருவர், நடுவில் தடுமாறி மெல்ல மாறும் ஒருவர். பார்வையாளர் தன்னைப் பொருத்திப் பார்ப்பது அந்த மூன்றாமவரோடுதான். அதைப் பின்பற்றித்தான் 1984-இல் தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ வந்தது. எல்லாவற்றுக்கும் அடங்கிப்போகும் தாய் பகவந்தியை, இப்படி இருக்கக் கூடாது என்று காட்டத்தான் எழுதினார்கள். பார்த்த பெண்களில் பலர் அவளையே உத்தமியாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பகுதி முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து விளக்கிச் சொல்லியும் அப்படி. நீங்கள் அம்மாவை அழவிட்டு, அடிக்கவிட்டு, குடும்ப மானத்துக்காகத் துடிக்கவிட்டால், கைதட்டு அவளுக்குத்தான் விழும். அதனால் மாறும் ஆளாக அம்மாவையோ, எதிர்வீட்டு அக்காவையோ, பள்ளி ஆசிரியையையோ வையுங்கள். முதலில் அவரும் தப்பாகத்தான் பேச வேண்டும்.

பையனைக் காணாமல் போகச் செய்யாதீர்கள். அவனும் பதினேழு வயதுக்காரன் என்றால், இருவரும் விரும்பியே நடந்தது என்றாலும் வழக்கு உண்டு, சிறார் நீதி வாரியம் உண்டு. அந்தச் சிக்கலே தனிப் படம். ஆனால் காதலனே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உறவினர், வீட்டுக்கு வந்துபோகும் தெரிந்தவர் என்ற வாய்ப்பைப் பார்வையாளர் மனதில் ஒரு நொடியாவது எழவிடுங்கள்.

இப்போது முடிவு. தற்கொலை வேண்டாம். திரைத்துறையினருக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியின் சாரம், தற்கொலையைப் பிரச்சினைக்குத் தீர்வாகக் காட்டக் கூடாது, மீள்வதைக் காட்ட வேண்டும் என்பதுதான். அதே நிலையில் இருக்கும் பெண்ணுக்கு அது எச்சரிக்கையாகப் படாது, யோசனையாகப் படும். கல்யாணமும் வேண்டாம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறையாத கல்யாணம் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைத் திருமணம். தாலி கட்டியதால் போக்சோ வழக்கும் போய்விடாது. அவள் ஒருவரிடம் சொல்லிவிட்டாள், அவர் கூடப் போகிறார் என்ற இடத்தில் நிறுத்துங்கள். கலைத்தாளா, பெற்றாளா என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் விவாதம் முழுக்க அதிலேயே போய்விடும்.

ஒரு வசனம் மட்டும் கட்டாயம் வையுங்கள். ‘ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும், பேர் கெட்டுப்போகும்’ என்ற பயத்தில்தான் பல குடும்பங்கள் கண்ட மாத்திரையையும் கைவைத்தியத்தையும் நாடுகின்றன. டாக்டர் தகவல் தர வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவளுடைய அடையாளத்தைச் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. இதை ஒரு நர்ஸ் போகிறபோக்கில் சொல்லட்டும்.

படம் எதையாவது மாற்றுமா என்று யாராவது கேட்டால் பெரிதாக வாக்குக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் எம்டிவி 2009-இல் தொடங்கிய டீன் ஏஜ் தாய்மார்கள் பற்றிய நிகழ்ச்சியால் அந்த வயதுப் பிரசவங்கள் குறைந்தன என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வேறு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கையே மறுத்தார்கள். அது பல பகுதிகள் ஓடிய தொடர், உங்களுடையது 12 நிமிடம். பலன், படத்துக்குப் பிறகு நடக்கும் பேச்சில்தான் இருக்கிறது.

அதனால் திரையிடலைப் படப்பிடிப்பு அளவுக்குத் திட்டமிடுங்கள். யூடியூபில் போடத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை, பொதுமக்களுக்கான திரையிடலுக்கு வேண்டும். அம்மாக்களுக்குத் தனியாக ஒரு காட்சி, பையன்களுக்குத் தனியாக ஒரு காட்சி வையுங்கள். ஒரு மனநல ஆலோசகரோ பெண் மருத்துவரோ உடன் இருக்கட்டும், கூட்டம் கலைந்த பிறகும் அரை மணி நேரம் அவர் அங்கேயே இருக்கட்டும். கேட்க வேண்டியதைக் கேட்பவர்கள் அப்போதுதான் வருவார்கள். மும்பையில் 1996-இல் பிறந்த 1098 குழந்தைகள் உதவி எண்ணையும், பெண்களுக்கான 181-ஐயும் கடைசி டைட்டிலில் பெரிய எழுத்தில், தமிழிலும் இந்தியிலும் பத்து நொடியாவது நிறுத்துங்கள். எடிட்டிங்கை முடிக்கும் முன் முதல் பிரதியை நாலைந்து அம்மாக்களுக்குப் போட்டுக் காட்டி, “இதுல யார் மேல கோபம் வந்துச்சு?” என்று மட்டும் கேளுங்கள். எல்லோரும் அந்தப் பெண்ணையே சொன்னால், மறுபடி வெட்டுங்கள்.