ரோடு மனப்பாடம், கண்ணு எப்படி? மலை ஓட்டுநர்களுக்குக் கேள்வி பதில்

குன்னூர்ல 22 வருஷமா கண் பரிசோதனை பண்றேன். டாக்டர் இல்ல, கண்ணை அளந்து பவர் எழுதித் தர்றவன். என் நாற்காலில உட்கார்றவங்கள்ல நிறையப் பேர் ஸ்டீயரிங் பிடிக்கிறவங்க: டாக்சி, பஸ், கேரட் லாரி, பச்சைத் தேயிலை பிக்கப். அவங்க கேட்டதும் நான் சொன்னதும் கீழே.

ஊட்டி டாக்சி ஓட்டுநர், வயசு 52: மேட்டுப்பாளையம் ரோட்டை 28 வருஷமா ஓட்டுறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் இறக்கிடுவேன். எனக்கு எதுக்குங்க டெஸ்ட்?

அண்ணா, இந்தப் பேச்சுதான் எனக்குப் பயம். பர்லியாறு வரைக்கும் எந்த வளைவுல எவ்வளவு ஒடிக்கணும்னு உங்க கைக்கே தெரியும். 14 கொண்டை ஊசியும் மனப்பாடம். அதனால கண் கொஞ்சம் கொஞ்சமா மங்கினாலும் உங்களுக்குத் தெரிய வராது. பாதி வழி வண்டியை ஓட்டுறது உங்க ஞாபகம்தான்.

ஞாபகத்துல இல்லாதது ஒண்ணு ரோட்டுல நிக்கும்போதுதான் சிக்கல். காட்டெருமையையே எடுத்துக்கோங்க. உடம்பு கறுப்பு, ராத்திரி லைட் அடிச்சா அப்படியே முழுங்கிடும். முழங்காலுக்குக் கீழ மட்டும் வெள்ளை சாக்ஸ் மாட்டின மாதிரி இருக்கும். முதல்ல தெரியறது அந்த நாலு வெள்ளைக் காலுங்கதான், உடம்பு அப்புறம்தான். கண்புரை ஆரம்பிச்சவருக்கு அந்த வெள்ளையும் பனியோட பனியாக் கலந்துடும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 6/12 பார்வைன்னா, நல்ல கண் 12 மீட்டர்ல படிக்கிற எழுத்தை நீங்க 6 மீட்டருக்கு வந்தாத்தான் படிப்பீங்க. மத்தவங்க 60 மீட்டர்ல படிக்கிற போர்டு உங்களுக்கு 30 மீட்டர்ல. 40 கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் போகுது. ஆக, இரண்டரை செகண்டுக்கு மேல உங்க கையை விட்டுப் போயிடுது. இறக்கத்துல அது பெரிய நேரம்.

கோத்தகிரி பிக்கப் ஓட்டுநர்: லைசென்ஸ் ரினிவலுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்துட்டேன், பாஸ். அது போதாதா?

படிவம் 1ஏ-வைத்தானே சொல்றீங்க? அதுல டாக்டருக்கு இருக்கிற கேள்வி, நல்ல பகல் வெளிச்சத்துல 25 மீட்டர் தூரத்துல கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுதாங்கறது. நிறக்குருடு இருக்கா, மாலைக்கண் இருக்கான்னும் கேள்வி உண்டு. அந்தத் தாளை மேலோட்டமா நிரப்பிக் கையெழுத்து வாங்கற கதை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை விடுங்க. 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 வருஷத்துக்கு ஓடுது, முன்னாடி 3 வருஷம்தான். நாற்பத்தஞ்சு வயசுல பாஸான கண் ஐம்பதுல அதே கண்ணா இருக்காது.

ஸ்டாண்டுல சும்மா நிக்கும்போது நீங்களே பாத்துக்கலாம். ஒரு வண்டிகிட்டயிருந்து முப்பத்துமூணு எட்டு நடந்துட்டுத் திரும்பி நம்பரைப் படிங்க. முக்கியமா, ஒவ்வொரு கண்ணா மூடிக்கிட்டுப் படிங்க. ஒரு லாரிக்காரர் வலது கண்ணை மூடச் சொன்னதும், "ஏன் சார் லைட்டை அணைச்சிட்டீங்க?"ன்னு கேட்டார். லைட் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. இடது கண் எப்பவோ போயிடுச்சு, வலது கண் இத்தனை நாள் தனியாச் சமாளிச்சிருக்கு. அதுக்கு முந்தின ராத்திரிதான் லோடு இறக்கிட்டு வந்திருந்தார்.

கேரட் லாரி ஓட்டுநர்: ராத்திரி மார்க்கெட்டுக்கு இறங்கும்போது மிஸ்ட்ல ஹை பீம் போட்டா ஒண்ணுமே தெரியலையே. கண்ணு கோளாறா?

இல்ல, அது லைட் கோளாறு. மிஸ்ட்ங்கறது தண்ணித் துளி. ஹை பீம் அதுல பட்டு உங்க முகத்துக்கே திரும்புது, வெள்ளைச் சுவர் மாதிரி. லோ பீம், பம்பருக்குக் கீழ இருக்கிற ஃபாக் லேம்ப், இடது ஓரத்து வெள்ளைக் கோடு, இந்த மூணும் போதும். ஓடிக்கிட்டே நாலு இண்டிகேட்டரையும் போடாதீங்க, நீங்க திரும்பப் போறது பின்னாடி வர்றவருக்குத் தெரியாது.

ஆனா மிஸ்ட் இல்லாத ராத்திரியும் எதிர் லைட் பூ மாதிரி விரிஞ்சு, வட்டம் வட்டமாத் தெரிஞ்சா வாங்க. புரையா இருக்கலாம். வர்றதுக்கு முன்னாடி வண்டியோட முன்கண்ணாடியைத் துடைச்சுப் பாருங்க. வெளிப்பக்கம் இல்லைங்க, உள்பக்கம். தினமும் சாமி படத்துக்கு ஏத்துற ஊதுபத்திப் புகை, பீடிப் புகை எல்லாம் உள்ளே எண்ணெய்ப் படலமாப் படிஞ்சிருக்கும். வெள்ளைத் துணில ஒரு இழு இழுத்தா மஞ்சளா வரும். "பவர் ஏறிடுச்சு"ன்னு வந்த ஒருத்தருக்கு அதுலயே பாதிக் கூச்சம் போயிடுச்சு.

அதே ஓட்டுநர்: தினம் பச்சைக் கேரட் திங்கறேன், அப்புறம் எதுக்குக் கண்ணாடி?

வைட்டமின் ஏ குறைஞ்சு வர்ற மாலைக்கண்ணுக்குத்தான் கேரட் உதவும். பவரைக் கேரட் சரி பண்ணாது. சரி பண்ணுச்சுன்னா ஊட்டில கண்ணாடிக் கடையே இருக்காதே!

குன்னூர் பள்ளி வேன் ஓட்டுநர்: ராத்திரி ஓட்ட மஞ்சள் கண்ணாடி நல்லதா?

வேண்டாம். எந்தக் கலர் கண்ணாடியும் வர்ற வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்யும். ராத்திரில இருக்கிற வெளிச்சமே கொஞ்சம். மதிய வெயிலுக்குக் கூலிங் கிளாஸ் போடுங்க, இங்க உயரத்துல புற ஊதாக் கதிர் அதிகம். பொழுது சாஞ்சதும் கழட்டிடுங்க.

பஸ் ஓட்டுநர், வயசு 46: தூரம் நல்லாத் தெரியுது, டிரிப் ஷீட்தான் படிக்க முடியல.

வெள்ளெழுத்து, வயசுக்கு வர்றது. ரோட்டோரம் வாங்கின படிக்கிற கண்ணாடியோட சிலர் அப்படியே வண்டியை எடுத்துடறாங்க. அதுல தூரம் மங்கும். படிச்சதும் கழட்டிப் பைல போட்டுடுங்க.

கூடலூரிலிருந்து ஒருத்தர்: சுகர் இருக்கு. ஆறு மாசத்துல ரெண்டு தடவை கண்ணாடி மாத்திட்டேன்.

சுகர் ஏறி இறங்கினா பவரும் கூடவே ஆடும். முதல்ல சுகரை நிலைப்படுத்துங்க, அப்புறம் கண்ணாடிக்கு அளவெடுக்கலாம், காசு மிச்சம். வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் கட்டாயம் பாருங்க. அங்க ரத்தம் கசிஞ்சாலும் ஆரம்பத்துல வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது.

கல்லட்டி பக்கத்திலிருந்து ஒரு தாய்: பையனுக்குச் சிவப்பு, பச்சை குழம்புது. டிரைவர் ஆக முடியாதாங்க?

2020 ஜூன்ல மத்திய அரசு விதியை மாத்தியிருக்குங்க அம்மா. லேசான, நடுத்தர நிறக்குருடு இருக்கிறவங்களுக்கு லைசென்ஸ் உண்டு. கடுமையா இருந்தா மட்டும் கிடையாது. எந்த அளவுன்னு கண் டாக்டர்கிட்ட காட்டிக் கேளுங்க, தம்பி மனசை விட வேண்டாம்.

பேர் சொல்ல விரும்பாதவர்: கண்ணு சரியில்லன்னு எழுதிட்டா ஓனர் வண்டியைப் பிடுங்கிடுவாரே?

நான் ஓனருக்கு எதையும் சொல்றதில்ல, சீட்டு உங்க கைலதான் வரும். பெரும்பாலும் ஒரு கண்ணாடியிலயே முடியற விஷயம். புரைன்னா அரசு ஆஸ்பத்திரில ஆபரேஷன் இலவசம், டாக்டர் ஓட்டலாம்னு சொன்ன பிறகு திரும்ப ஸ்டீயரிங்தான்.

ஒண்ணே ஒண்ணு. வரும்போது ஓட்டத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வாங்க. விழித்திரை பாக்கணும்னா கண் பாப்பாவை விரிய வைக்கிற சொட்டு மருந்து விடுவோம், அஞ்சாறு மணி நேரம் எல்லாம் மங்கலா, கூசிக்கிட்டு இருக்கும். முன்னாடி ஒரு முகாம்ல இதைச் சொல்ல மறந்துட்டேன். வந்தவர் தானே பிக்கப்பை எடுத்துக்கிட்டுக் காட்டேரி வளைவு வரைக்கும் போய், முடியாம ஓரங்கட்டிட்டு எனக்குப் போன் போட்டார். பழைய கண்ணாடி இருந்தா அதையும் மறக்காம எடுத்துட்டு வாங்க.