வாசகர் கேள்வி – பதில்: குளோசரை எந்தச் சுற்றில் எடுப்பது?

கேள்வி: அலுவலக நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஃபேன்டஸி பேஸ்பால் லீக் (உண்மையான வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் ஆட்டப் புள்ளிவிவரங்களை வைத்துப் போட்டியிடும் விளையாட்டு) நடத்துகிறோம். பத்துப் புள்ளிவிவரப் பிரிவுகள் கொண்ட ரோட்டிசெரி முறை (ஒவ்வொரு பிரிவிலும் பருவ முடிவில் பெறும் இடத்துக்கேற்பப் புள்ளி); ஆளுக்கு 23 வீரர்கள்; ஒரு சுற்றில் 1 முதல் 12 வரையும் அடுத்த சுற்றில் 12 முதல் 1 வரையும் வளைந்து வரும் பாம்பு வரிசை டிராஃப்ட் (முறை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுப்பது). “சேவுக்காகச் செலவழிக்காதே” (சேவ் என்பது முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் பந்துவீச்சாளருக்குச் சேரும் கணக்கு) என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுக் கடைசிச் சுற்றுகள்வரை காத்திருந்தேன். சென்ற ஆண்டு சேவ் பிரிவில் கடைசி இடமே கிடைத்தது. குளோசர்களை, அதாவது ஆட்டத்தை முடிக்க அனுப்பப்படும் பந்துவீச்சாளர்களை, எப்போதுதான் எடுக்க வேண்டும்?
(ஒரு வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: அந்த அறிவுரை பொய்யன்று, பாதியில் நின்றுவிட்ட அறிவுரை. மற்றப் பிரிவுகளில் நாம் வீரரின் திறமையை வாங்குகிறோம். சேவ் பிரிவில் அவர் வகிக்கும் பதவியை வாங்குகிறோம். பெரும்பாலும் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில், மூன்று ரன்னுக்கு மிகாத முன்னிலை இருக்கும்போது, மேலாளர் யாரை நம்பி ஆட்டத்தை முடிக்க அனுப்புகிறாரோ அவருக்குத்தான் சேவ் சேரும். எட்டாவது இன்னிங்ஸை அவரைவிட நன்றாக வீசியவருக்கு அந்தக் கணக்கில் ஒன்றுமில்லை. திறமை மெல்லத்தான் தேயும். பதவியோ ஒரே வாரத்தில் கைமாறிவிடும்.

2024ஆம் ஆண்டு டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியின் குளோசராகப் பருவத்தைத் தொடங்கியவர் ஹோசே லெக்லெர்க். ஏப்ரலிலேயே அவர் அந்த இடத்தை இழக்க, கர்பி யேட்ஸ் 33 சேவ்களோடு ஆண்டை முடித்தார். உங்களுக்கு அறிவுரை சொன்னவர் இத்தகைய கதைகளை வைத்துத்தான் பேசியிருப்பார். ஆனால் யேட்ஸை இலவசமாக எடுத்தவர் பன்னிரண்டு பேரில் ஒருவர் மட்டுமே என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீகான மேஜர் லீகில் 30 அணிகள் இருக்கின்றன. உங்கள் லீகில் ஆளுக்கு இரண்டு குளோசர் என்றாலே 24 பேர் தேவை. அந்த முப்பதிலும் சில அணிகள் ஒருவரை நிலையாக வைக்காமல் இரண்டு மூன்று பேரை மாற்றி மாற்றி அனுப்பும். ஆகவே கடைசிச் சுற்றுகளில் மீந்திருப்பது குளோசர்கள் அல்லர், குளோசராகக்கூடும் என்று நாம் ஆசைப்படும் பெயர்கள்.

இதற்காக முதல் மூன்று சுற்றுகளில் குளோசரை எடுக்கச் சொல்ல மாட்டேன். குளோசர் ஓர் ஆண்டில் வீசுவது 60 முதல் 70 இன்னிங்ஸ். முழுப் பருவம் ஆடும் நல்ல தொடக்கப் பிட்ச்சர் (ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளர்) 170க்கு மேல் வீசுவார். குளோசரின் இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் பொறுப்பில் விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி) எவ்வளவு குறைவாக இருந்தாலும் உங்கள் மொத்தக் கணக்கில் அது சிறு பங்குதான். எட்வின் டியாஸ் 2022இல் செய்ததுபோல் 62 இன்னிங்ஸில் 118 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) எடுப்பவர் விதிவிலக்கு. ஆனால் அந்த விதிவிலக்கே ஒரு பாடமாகவும் ஆனது. 2023 மார்ச் 15 அன்று உலக பேஸ்பால் கிளாசிக்கில் போர்ட்டோ ரிக்கோ வென்றதைக் கொண்டாடும்போது டியாஸின் முழங்கால் தசைநாண் கிழிந்து, அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. (அதற்கு முன்பே டிராஃப்டை முடித்திருந்த ஒரு லீகில் நானும் இருந்தேன், அவரை எடுத்தவனும் நானே.) டியாஸின் மெட்ஸ் அணியில் அந்தப் பொறுப்பை ஏற்ற டேவிட் ராபர்ட்சனும் ஜூலை இறுதியில் மயாமிக்கு மாற்றப்பட்டார்.

எனவே உங்கள் அளவிலான லீகில் ஐந்தாம் சுற்றுக்கும் எட்டாம் சுற்றுக்கும் இடையில், பதவியும் ஸ்ட்ரைக்அவுட்டும் இரண்டும் உறுதியான ஒருவரை எடுங்கள். பத்துக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் இரண்டாமவரை எடுத்துவிட்டு, குளோசர் தடுமாறக்கூடிய அணியின் அடுத்த நிலைப் பிட்ச்சருக்குக் கடைசி இடம் ஒன்றை ஒதுக்குங்கள். ஆனால் சுற்று எண்ணைவிட டிராஃப்ட் வரிசையில் உங்கள் இருக்கை முக்கியமானது. ஒருவர் குளோசரை எடுத்ததும் பதற்றத்தில் வரிசையாக ஐந்தாறு பேர் எடுப்பது எல்லா டிராஃப்டிலும் நடக்கும். நடுவில் இருப்பவருக்கு அதன் வால் பகுதியாவது கிட்டும். முதல் இடத்திலோ பன்னிரண்டாம் இடத்திலோ இருப்பவருக்கு, அடுத்தடுத்து இரண்டு வாய்ப்புகள் வந்தபின் 22 பேர் போகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஓரத்தில் இருந்தால் ஒரு சுற்று முந்திக்கொள்ளுங்கள். டிராஃப்ட் தேதியைத் தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால், மார்ச் கடைசி வாரத்துக்குத் தள்ளுங்கள்; டியாஸுக்கு நேர்ந்தது போன்ற காயங்கள் அதற்குள் தெரிந்துவிடும்.

கேள்வி: தோற்கும் அணியின் குளோசரை எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். 1993இல் ஃபுளோரிடா மார்லின்ஸ் வென்றது 64 ஆட்டங்கள். அவற்றில் 45இல் பிரையன் ஹார்வி சேவ் பெற்றார். பலவீனமான அணி வென்றால் பெரும்பாலும் குறைந்த வித்தியாசத்தில்தான் வெல்லும் என்பதால் வாய்ப்புகள் நாம் அஞ்சும் அளவுக்குக் குறைவதில்லை. ஆயினும் வெற்றி இல்லாமல் சேவ் இல்லை என்பதால், 2024இன் சிகாகோ ஒயிட் சாக்ஸ் போல 41 ஆட்டங்களே வெல்லும் அணியை ஒதுக்கிவிடலாம்.

உண்மையான ஆபத்து ஜூலை இறுதியில் வருகிறது. தோற்கும் அணி தன் நல்ல குளோசரை விற்கும்; வாங்கும் அணியில் ஏற்கெனவே ஒருவர் இருப்பார். மேசன் மில்லர் 69 ஆட்டங்களே வென்ற அத்லெட்டிக்ஸ் அணிக்காக 2024இல் 28 சேவ் எடுத்தார். 2025 ஜூலை 31 அன்று சான் டியேகோவுக்கு மாற்றப்பட்டபோது அங்கே ராபர்ட் சுவாரெஸ் குளோசராக இருந்ததால், மில்லர் எட்டாவது இன்னிங்ஸ் பக்கம் போனார். அவர் வீசிய பந்தின் வேகம் குறையவில்லை. அவரை வைத்திருந்தவர்களின் சேவ் வரவு மட்டும் ஏறக்குறைய நின்றுபோனது. இப்படிப்பட்டவரை ஜூன் மாதத்திலேயே, மதிப்பு உச்சத்தில் இருக்கும்போது, லீகில் வேறொருவருக்குக் கைமாற்றப் பாருங்கள்.

கேள்வி: சேவ் பிரிவையே கைவிட்டால் என்ன?

பதில்: வாரந்தோறும் ஒருவரோடு ஒருவர் மோதும் லீகில் அது பிழைக்கக்கூடிய வழி, பத்தில் ஒன்றை விட்டுக்கொடுத்து மற்ற ஒன்பதில் ஆறை வென்றால் போதும். ரோட்டிசெரியில் அப்படியன்று. பன்னிரண்டு பேரில் கடைசியாக வருபவருக்கு 1 புள்ளி, முதல்வருக்கு 12. தொடங்கும்போதே 11 புள்ளிகளை விட்டுவிட்டு மற்ற எல்லாப் பிரிவுகளிலும் மேலே இருக்க வேண்டியிருக்கும். நடுவில் வந்தாலே ஆறு ஏழு புள்ளிகள் கிடைக்கும். அதற்கு ஒரு நல்ல குளோசரும், ஏப்ரல் மாதத்தில் வேவர் பட்டியலை (லீகில் எவரும் எடுக்காத வீரர்களின் பட்டியலை) தினமும் பார்க்கும் பொறுமையும் போதும்.

கேள்வி: எங்கள் லீகில் சேவோடு ஹோல்டையும் (முன்னிலையைக் காத்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும் பிட்ச்சருக்குச் சேரும் கணக்கு) சேர்த்து எண்ணுகிறார்கள். மேலே சொன்னவை பொருந்துமா?

பதில்: பொருந்தா. எட்டாவது இன்னிங்ஸ் பிட்ச்சர்களும் கணக்கில் வருவதால் தட்டுப்பாடு மறைந்துவிடுகிறது. அங்கே பதவியைப் பார்க்காமல் ஸ்ட்ரைக்அவுட்டைப் பார்த்து, பதினைந்தாம் சுற்றுக்குப் பின் எடுங்கள்.