சுடுமருந்துக்காக வயலை விற்கலாமா?

கேள்வி: நெடுங்கேணியில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 57 வயது. சூலகப் புற்றுநோய் வயிற்றுச் சவ்வுக்குப் பரவிவிட்டது. தெல்லிப்பழையில் மூன்று தடவை கீமோ ஏற்றியதில் கட்டிகள் சுருங்கியிருக்கின்றன. சென்னைக்குக் கொண்டுபோய், ஒப்பரேசனோடு வயிற்றுக்குள் சுடுமருந்தும் (சூடாக்கிய கீமோ) விடலாம் என்கிறார் கனடாவில் இருக்கும் அண்ணா. வயலை விற்கலாமா?

பதில்: விலை பேசுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். எல்லோர் வாயிலும் சுடுமருந்துதான் நிற்கிறது. ஆனால் இதில் பெரும்பங்கு சத்திரசிகிச்சைக்குத்தான். கண்ணுக்குத் தெரியும் கட்டிகள் அத்தனையையும், தேவைப்பட்டால் சவ்வு, குடலில் ஒரு துண்டு, மண்ணீரல் என்று சேர்த்தே அகற்றுவார்கள். எட்டு, பத்து மணித்தியாலம்கூடப் போகலாம். அதன்பிறகே சூடாக்கிய மருந்தைக் குழாய்வழியே ஒன்றரை மணித்தியாலம் வரை வயிற்றுக்குள் சுற்றவிடுவார்கள். அது சில மில்லிமீற்றர்தான் ஊறும். அதைவிடத் தடித்த கட்டி மிஞ்சினால் நடுவுக்கு எட்டாது.

அம்மாவின் நிலைக்கு ஆதாரம் உண்டு. 2018இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், மூன்று கீமோவுக்குப்பின் சத்திரசிகிச்சை மட்டும் செய்த பெண்களில் பாதிப்பேர் கிட்டத்தட்ட 34 மாதத்தைத் தாண்டினார்கள். சுடுமருந்தும் பெற்றவர்களில் பாதிப்பேர் 46 மாதத்தை. ஒரு வருடம் கூடுகிறது, சரி; முழுக்குணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெருங்குடல் புற்றுநோய் என்றால் என் பதிலே வேறு: பிரான்சில் செய்த ஆய்வில், நல்ல சத்திரசிகிச்சைக்கு மேலே சுடுமருந்தால் ஆயுள் கூடவில்லை.

அண்ணா யோசிக்காத ஒன்று இருக்கிறது. அந்த நெதர்லாந்து ஆய்வில் விட்ட மருந்து சிஸ்பிளாட்டின், சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் உங்கள் வவுனியாப் பக்கத்து வயற்காரரிடம் இருப்பது நமக்குத் தெரியும், சென்னை வைத்தியருக்குச் சட்டென்று தோன்றாது. ஆகவே இரத்தத்தில் கிரியற்றினின், சிறுநீரில் புரதம் இரண்டையும் இப்போதே பாருங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இந்தப் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்த கிளினிக்கில் நேரே கேளுங்கள்: கட்டி முழுவதையும் எடுக்க முடியுமா? முடியும் என்றால் சத்திரசிகிச்சையை இங்கே அரச வைத்தியசாலையில் இலவசமாகவே செய்யலாம், அதற்கு வயலை விற்கத் தேவையில்லை. மூன்றாவது கீமோவுக்குப்பின் வழக்கமாகச் சில கிழமைக்குள் கத்தி வைப்பார்கள். விசா, ரிக்கெற் என்று அந்த நாட்களை இழக்கக்கூடாது. சென்னையிடமும் கேட்கத்தான் வேண்டும் என்றால் சிடி ஸ்கான், பயொப்சி அறிக்கை, கீமோ அட்டை மூன்றையும் முதலில் அனுப்புங்கள். அம்மா வீட்டிலேயே இருக்கட்டும்.